விரல்கள் இளகிய மாதங்கள்

சாரத்தைப் பிழிந்தேன். நடந்தது அவ்வளவுதான். கிணற்றடியில் காலை வெயில் தென்னோலைகளுக்குள்ளால் இறங்கிக்கொண்டிருந்தது. கணவர் உடுத்துகிற நனைந்த சாரத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, ஒரு கையை இப்படியும் மறு கையை அப்படியும் முறுக்கினேன். தண்ணீர் தடித்த கயிறாகத் திரண்டு என் பாதங்களில் விழுந்தது. அப்படியே நின்றேன். வலி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இன்னும் முறுக்கினேன். சாரம் முனகியது, மணிக்கட்டு முனகவில்லை.

முடக்குவாதம் பிடித்த கைகள் முதலில் இழப்பது முறுக்குவதைத்தான். தூக்குவதும் தள்ளுவதும் பிறகுதான் போகும். குழாய், சாவி, போத்தல் மூடி, காஸ் அடுப்பின் குமிழ், துருவிய தேங்காய்ப்பூ, ஈரத்துணி. உலகத்தின் பாதி திருகித்தான் திறக்கிறது என்பது கை மடங்காதவளுக்குத்தான் தெரியும். சில வருடங்களாக என் காலைகள் மூடிய கைகளோடு விடிந்தன. விரல் முட்டுகள் பலாக்கொட்டை போல வீங்கிச் சிவந்திருக்கும். சுடுநீரில் ஊறவைத்து, ஊதி, கெஞ்சி, பத்து மணியாகும்போதுதான் பேனா பிடிக்கும் அளவுக்காவது இளகும். பிள்ளை வேண்டும் என்று சொன்னதும் கிளினிக் டொக்டர் கிழமைக்கொருமுறை விழுங்கும் குளிசையை நிறுத்தினார். அது கருவுக்குக் கூடாது என்றார். பதிலுக்கு மென்மையான ஒன்றைத் தந்தார். அது கைகளைப் பெரிதாக மதிக்கவில்லை. பிள்ளைக்காகக் காத்திருந்த காலம் முழுவதும் கைகள் இன்னும் இறுகின.

இப்போது நான்காம் மாதம். நாற்பதைத் தாண்டிய வயிற்றில் ஒரு பிள்ளை, கையில் பிழிந்த சாரம்.

ஓடினேன். ஓடக்கூடாதுதான். அக்காவின் வீடு எங்கள் வளவிலேயே அடுத்த வீடு, இடையில் வேலி கிடையாது. எங்கள் பக்கத்தில் பெண்களுக்குத்தான் வீடும் வளவும்; குடி என்கிற வம்சமும் தாய் வழியில்தான். மாப்பிள்ளைமார் வந்து சேர்வார்கள். என்னவர் வாகரைக் கடற்கரையிலிருந்து கலியாணத்தோடு நாவற்குடாவுக்கு வந்து சேர்ந்தவர், படகு எஞ்சின் திருத்துகிறவர். அக்காவின் கொடியில் உடுப்புகள் தொங்கின. கைக்கு எட்டியதை உருவிப் பிழிந்தேன். பிறகு அடுத்ததை.

அக்கா குசினியால் வெளியே வந்தாள்.

"என்ன கா செய்யிறாய்? அது நேத்துக் காஞ்ச உடுப்பு!"

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் பிழியிறாய்?"

"ஏலுது அக்கா. எனக்கு ஏலுது!"

அவள் என் கையை வாங்கினாள். மாம்பழம் பழுத்ததா என்று பார்ப்பவள் போல முட்டு முட்டாக அமத்திப் பார்த்தாள்.

"இதில வீக்கம் இருந்த அல்லோ?"

"இருந்தது."

"எங்க போன?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

சிறிது நேரம் என் முகத்தையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "ஏலுமெண்டா உள்ள வந்து தேங்காய்ப்பூவைப் பிழி. காஞ்ச துணியைப் பிழிஞ்சு என்ன பால் வரப்போகுது," என்றாள். அன்று அக்கா வீட்டுச் சொதிக்கு நான்தான் பால் பிழிந்தேன். மூன்றாம் பால் வந்த பிறகும் விடவில்லை. சக்கை மரத்தூள் போல ஆகிவிட்டது.

ஒழுங்கையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். போன ஆடி அமாவாசைக்கு அமிர்தகழியில் தீர்த்தமாடிய பலன் என்றாள் ஒருத்தி. முருங்கையிலை என்றாள் இன்னொருத்தி. என்னவர், தான் இரவு இரவாக எண்ணெய் தேய்த்ததுதான் என்று யாரும் கேட்காமலே சொல்லித் திரிந்தார். எனக்குக் காரணம் வேண்டியிருந்தது. காரணம் தெரிந்தால்தானே அதைப் பிடித்து வைக்கலாம்.

கிளினிக் நாள் வந்தது. அங்கே காத்திருக்கும் வாங்கில் எனக்கொரு துணை உண்டு. காத்தான்குடியில் வீட்டிலிருந்தே பெண்களுக்கு உடுப்புத் தைக்கிறவர், என்னை விடச் சில வயது மூத்தவர். அதே முடக்குவாத வருத்தம், அதே குளிசைகள், அதே வாங்கு. முஸ்லிம்கள் அக்காவை அழைப்பது போல நான் அவரை ராத்தா என்பேன். சிவத்த பிளாஸ்டிக் கூடையில் இஞ்சிக் கோப்பிப் போத்தலோடு வருவார். அதன் மூடியை நாங்கள் இருவரும் சேர்ந்தும் திறக்க முடியாமல், பக்கத்தில் நிற்கும் யாரையாவது கேட்போம். அன்று நான் போத்தலை வாங்கி ஒரே திருகில் திறந்து கொடுத்தேன்.

ராத்தா மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, யார்ட கை இது?"

"என்ட கைதான் ராத்தா."

"பொய். இரவல் வாங்கிக்கொண்டு வந்திருக்காய்." என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து விரித்தார். "என்ன மருந்து தந்த? எனக்கு மட்டும் ஏன் தரயில்ல? நானும் நீயும் ஒரே வரிசையிலதானே நிக்கிற!"

வயிற்றைக் காட்டினேன். ராத்தா வாய்விட்டுச் சிரித்து, சிரித்த வேகத்திலேயே சிரிப்பை நிறுத்தினார்.

"அப்ப ஆக்கள் சொல்லுறது மெய்தான். எனக்கும் வயத்தில புள்ள இருந்த நாளெல்லாம் ஒரு நோவும் இல்ல. கடைசிப் புள்ள பிறந்து பால் குடிச்சிக்கிட்டு இருக்கக்குள்ளதான் எனக்கு இது வந்த. ஊசி பிடிக்கப் போனா விரல் மடங்காது. புள்ளையைத் தூக்கினதெல்லாம் என்ட உம்மாதான்." பிறகு என் முகம் மாறியதைக் கண்டு, கையை அழுத்தினார். "உனக்கு அப்பிடி வராது. நீ சாமியைக் கும்புடு, நானும் துஆச் செய்யிறன். ரெண்டு பக்கத்தாலயும் போகட்டும்."

டொக்டர் எங்களை விட வயதில் மிகக் குறைந்த பெண். எந்த நேரமும் அவசரம், ஆனால் கேள்வி கேட்டால் அவசரத்தை மறந்துவிடுகிற ஆள். என் கைகளைக் கண்டதும் அவருடைய முகமும் மலர்ந்தது. ராத்தாவும் என்னோடு உள்ளே வந்துவிட்டார். யாரும் தடுக்கவில்லை. ராத்தாவைத் தடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

"உங்கட ரத்தத்தில இருக்கிற வெண்குழியங்கள் காவல்காரர் மாதிரி," என்றார் டொக்டர். "இந்த வருத்தத்தில அதுகளுக்கு ஆள் மாறிப் போயிட்டு. உங்கட மூட்டையே கள்ளன் எண்டு நினைச்சு அடிக்குதுகள். இப்ப வயிற்றில இருக்கிற பிள்ளையை எடுங்க. பாதி உங்கட. மற்றப் பாதி உங்கட அவருட. அந்தப் பாதி உங்கட காவல்காரருக்கு முன்பின் தெரியாத ஆள். நியாயமா அடிச்சுத் துரத்தவேணும்."

"ஏன் துரத்தயில்ல?" என்றார் ராத்தா, வழக்குக்கு வந்தவர் போல.

"அதுதான் விசயம். பிள்ளையிட ஈரல் ஒரு புரதம் செய்யுது. அதில கொஞ்சம் தாயிட ரத்தத்துக்குள்ள வருது. தாயிட ஈரலும் வேறொரு புரதத்தை வழமையை விடப் பல மடங்கு கூட்டிச் செய்யுது. இதெல்லாம் ரத்தத்தோட ஓடித் திரிஞ்சு அந்தக் காவல்காரரை அடக்குது. கொஞ்சம் பொறுங்க, கையை வைக்காதீங்க எண்டு. சொன்னது பிள்ளைக்காக. உங்கட மூட்டுக்கும் சேர்த்துப் பலிச்சிருக்கு." பிறகு பேனாவை உயர்த்தினார். "இது மட்டும்தான் காரணம் எண்டு நான் சொல்லமாட்டன். ஹோர்மோன்களும் இருக்கு, வேறயும் இருக்கு. முழுசா இன்னும் ஒருத்தருக்கும் விளங்கயில்ல."

எனக்குத் தலைக்குள் மணியடித்தது. இன்னும் பெயர் வைக்காத, முகம் பார்க்காத, ஒரு சாண் நீளமில்லாத உயிர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அனுப்பிய புரதம், வழியில் என் விரல்களையும் காப்பாற்றிவிட்டுப் போகிறது! அதை நான் என் உடம்புக்குள் கேட்க முயன்றேன். கிளினிக் அறையின் மின்விசிறிக்கு அடியில், கண்ணை மூடி, மணிக்கட்டு நரம்பில் விரல் வைத்து. உள்ளே பெரிய ஊர்வலம் ஒன்று. குத்துவாளோடு ஓடும் காவல்காரர். அவர்கள் நடுவே கையில் ஆயுதமில்லாமல் நெருக்கியடித்துப் போகும் சின்னஞ்சிறு உருவங்கள், தோளில் தட்டித் தட்டி, இரு, இரு, போகட்டும் விடு என்று சொல்லிக்கொண்டு. வாவியின் முகத்துவாரம் வெட்டுப்படும்போது கடலும் ஆறும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் புரளுமே, அந்த இரைச்சல். கொஞ்ச நேரத்தில் எது உப்பு எது நன்னீர் என்று தெரியாமல் மட்டமாகிவிடுமே, அந்த அமைதி. இரண்டும் என் மணிக்கட்டுக்குள் நடந்துகொண்டிருந்தன.

ராத்தாவுக்கு இந்தக் கவிதையெல்லாம் வேண்டாம். "டொக்டர், அப்ப இவட ரத்தத்தில ஒரு போத்தல் எடுத்து எனக்கு ஏத்தினா என்ன?"

டொக்டர் சிரித்தார். "உங்களுக்கு முந்தியும் அப்பிடி யோசிச்ச ஆக்கள் இருக்காங்க. ஏத்தியும் பாத்திருக்காங்க. சொல்லும்படியா பிரயோசனம் வரயில்ல. அந்தப் புரதங்களைத் தனியா எடுத்து மருந்தாக்க ஏலுமா எண்டு இப்பவும் தேடிக்கொண்டிருக்கிறாங்க."

"தேடட்டும். நான் காத்திருக்கிறன். எனக்கு இனி வயத்தில ஒண்டும் வராது, ரத்தம்தான் வரவேணும்." எழும்பும்போது என் தோளில் தட்டினார். "இவளுட ரத்தத்தில இப்ப சீனி மாதிரி என்னமோ கரைஞ்சு கிடக்கு. கடிக்கிற நுளம்புக்கெல்லாம் பெருநாள்தான்."

ராத்தா வெளியே போன பிறகு, கேட்கவேண்டியதை நான் கேட்டேன். பிறந்த பிறகு?

டொக்டர் பேனாவை மேசையில் வைத்தார். "பிள்ளை பிறந்தால் அந்தப் புரதங்களும் இறங்கிப் போயிடும். கிழமைக் கணக்கிலதான். அநேகம் பேருக்கு மூண்டு மாதத்துக்குள்ள வருத்தம் திரும்புது. சிலருக்குத் திரும்பாமலும் இருக்கு. திரும்பினால் பயப்படவேணாம், பால் குடுக்கிறவங்களுக்கு ஒத்துவாற மருந்து இருக்கு. ஆனா அது வேலை செய்யக் கொஞ்சம் காலம் எடுக்கும். கையில வித்தியாசம் தெரிஞ்ச அண்டைக்கே வாங்க."

பின்னேரத் தேநீரோடு இதையெல்லாம் வீட்டில் சொன்னேன். அக்கா அரிசி மாவு வறுத்துக்கொண்டிருந்தாள். என்னவர் எஞ்சின் எண்ணெய் படிந்த நகங்களைத் தேய்த்துக்கொண்டு படியில் இருந்தார். பாதி அப்பனுடையது, அந்தப் பாதி தாயின் ரத்தத்துக்கு அந்நியம் என்ற இடம் வந்ததும் அக்காவின் அகப்பை நின்றது.

"ஆர் சொன்ன அந்நியம் எண்டு?"

"டொக்டர்."

"அவவுக்கு ஊர் எது? புள்ள தாயிட குடி. உன்ட குடிதான் உன்ட புள்ளைக்கும். அம்மன் கோயில்ல போய்க் கேளு, உன்ட புள்ளைக்கு ஆர்ட குடியில பங்கெண்டு. மச்சான்ட குடியிலயா? மச்சான்ட குடிக்கும் உன்ட வயித்துக்கும் என்ன?"

"மச்சாள், அப்பிடி ஒரேயடியா வெட்டி விடாதீங்க," என்றார் என்னவர். "டொக்டரே சொல்லிட்டா, என்ட பாதியாலதான் உங்கட தங்கச்சிக்குக் கை சுகமான எண்டு. அண்டைக்கே சொன்னனே, என்ட கைவைத்தியம் எண்டு."

"அது எண்ணெய் தேச்சதெண்டு சொன்னீங்க!"

"வைத்தியம் எப்பிடிச் செய்தா என்ன, சுகம் வந்தாச் சரிதானே."

அக்கா சிரிப்பை அடக்க மாவைக் கிளறினாள். என்னவருக்குத் துணிவு வந்துவிட்டது. குடி மாறித்தான் கலியாணம் முடிக்கவேணும் என்று ஊர் வைத்த சட்டமே இதற்காகத்தான் என்றார். அந்நியன் எவ்வளவு அந்நியனோ மருந்து அவ்வளவு கடுமை, வாகரையை விடத் தூரமாகப் போய் மாப்பிள்ளை எடுத்திருந்தால் நான் இப்போது வலையே வீசுவேன் என்றார். அவர் பகிடியாகச் சொன்னதில் கொஞ்சம் மெய்யும் இருந்தது. பிள்ளையிலுள்ள தகப்பனின் பங்கு தாயோடு எவ்வளவுக்கு ஒத்துப்போகாமல் இருக்கிறதோ, அவ்வளவுக்குத் தாய்க்குச் சுகம் கூடக் கிடைக்கலாம் என்று டொக்டரும் சொல்லியிருந்தார். நான் அதை என்னவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பிடிக்க முடியாது.

ஆனால் அக்கா அந்தக் கதையைத் தன் வழியில் எடுத்துக்கொண்டாள். அவளுடைய கணக்கு நேர்த்தியானது. பிள்ளை எங்கள் குடி. பிள்ளை தந்த புரதமும் எங்கள் குடியுடையது. சொந்தக் குடி சொந்த ரத்தத்தை விட்டு எங்கே போகும்? போகாது. ஆகவே கை மூடாது. "நீ ஒண்டுக்கும் யோசியாத," என்றாள். அவள் சொன்ன விதத்தில் எனக்கும் அரைவாசி நம்பிக்கை வந்துவிட்டது.

அந்த மாதங்களில் நான் என் கைகளோடு தலைகால் தெரியாமல் திரிந்தேன். சந்தையில் நண்டு வாங்கி வந்து, கொடுக்குகளை நானே உடைத்தேன். கலியாணமான நாளிலிருந்து என்னவர்தான் எனக்கு உடைத்துத் தருவார். இப்போது அவருடைய சாப்பாட்டுக் கோப்பைக்குள்ளும் கையை விட்டு உடைத்தேன். கர்ப்பிணிக்கு நண்டு சூடு என்று அக்கா பாதியைப் பறித்துக்கொண்டு போனாள். நான் வேலை செய்யும் கந்தோரில் இறுகிக் கிடந்த மேசை லாச்சிகளை எல்லாம் இழுத்துத் திறந்தேன். எலுமிச்சம்பழம் பிழிந்தேன், நூல் கோத்தேன், தலைமுடியைப் பின்னி, அவிழ்த்து, மறுபடி பின்னினேன். கல்லடிப் பாலத்தில் நின்று கைப்பிடிக் கம்பியைப் பற்றினேன். பற்றுவதற்காகவே பற்றினேன். கீழே வாவி வெள்ளித்தகடாய் அசைந்தது. தோணிக்காரர் ஒருவர் வலையை உதறியபோது ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சூரியன் துள்ளியது. என் பத்து விரல்களும் அந்தக் கம்பியைச் சுற்றி முழுதாக மூடியிருந்தன. நகம் உள்ளங்கையைத் தொட்டது. பாலத்தில் போனவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டவேண்டும் போலிருந்தது.

இத்தனை செய்தும் ஒரு ஆசை மட்டும் பாக்கி இருந்தது. என் பிள்ளையை நான் குளிப்பாட்ட வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் அக்காவின் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, குளிப்பாட்டி முடித்த பிள்ளையைத் துணியில் வாங்கச் சொல்லி என்னிடம் நீட்டினார்கள். ஈரப் பிள்ளை மீன் போல வழுக்கும். என் விரல்கள் வளைய மறுத்தன. அக்கா பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அந்தச் சில நொடிகளை நான் மறக்கவில்லை. கை மறுபடி மூடுவதென்றால் மூடட்டும். அதற்குள் திறந்த கையோடு, முழு விரல்களோடு, என் பிள்ளையின் தலையைத் தாங்கித் தண்ணீர் வார்த்துவிட வேண்டும்.

ஏழாம் மாதத்தில் அக்காவிடம் சொன்னேன்.

"தண்ணி வார், ஆர் வேணாமெண்ட? முப்பத்தொண்டு கழியட்டும்."

முப்பத்தோராம் நாள் துடக்கு, அதாவது பிள்ளைப்பேற்றுத் தீட்டு, கழியும் வரை பெற்றவள் தண்ணீரில் கை வைக்கக் கூடாது. வாடைக்காற்றுப் படக்கூடாது, குனியக்கூடாது. பிள்ளைக்குத் தண்ணீர் வார்ப்பது தாய் வழிப் பெண்களின் வேலை. எங்கள் அம்மா இல்லை. ஆகவே அது அக்காவின் வேலை. அவளுடைய உரிமையும்கூட.

"அக்கா, அந்தப் புரதம் கிழமைக் கணக்கில இறங்கிடுமாம். முப்பத்தொண்டு வரைக்கும் நான் சும்மா கிடந்தா, என்ட கை திறந்திருக்கிற நாளெல்லாம் பாயில போயிடும்."

"டொக்டர் மூண்டு மாதம் எண்டவ எண்டு நீதானே சொன்ன? மறுகா என்ன அவசரம்? இறங்காது எண்டு நான் சொல்லுறன். எங்கட குடிப் புள்ள, எங்க போகும்? பச்சை உடம்போட தண்ணியில கைய வெச்சு, வேற வருத்தத்தைத் தேடிக்கொள்ளாத."

மகள் பிறந்தாள். சுகப்பிரசவம். நனைந்த தலைமுடியோடு என் நெஞ்சில் வைத்தார்கள். நான் இரண்டு கைகளாலும் அணைத்தேன். விரல்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. அந்தப் பூட்டை உலகத்தில் ஒருவராலும் திறந்திருக்க முடியாது. அக்கா வைத்தியசாலை வாசலிலேயே அழுதாள், சிரித்தாள். "பொம்புளப் புள்ள! குடி நிண்டிட்டு கா, குடி நிண்டிட்டு!" என்றாள். அவளுடைய கணக்கு இப்போது இன்னும் உறுதியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொரு காலையும் அறை வாசலிலிருந்து பார்த்தேன். அக்கா பின்பக்கத்தில் பலகையில் இருப்பாள். இலை போட்டுக் கொதித்து ஆறிய தண்ணீர் பெரிய பாத்திரத்தில் ஆவி விடும். எண்ணெய் பூசிய என் மகள் அவளிடம் பளபளப்பாள். தண்ணீர் விழும் சத்தமும் மகளின் வீறிடலும் அக்காவின் தாளமில்லாத பாட்டும் சேர்ந்து வளவை நிறைக்கும். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். விரல்களை மூடுவேன், திறப்பேன். இருக்கிறது, இன்னும் இருக்கிறது.

மூன்றாவது கிழமையில் ஒரு காலை, மகளின் இடுப்புத்துணிக்கு முடிச்சுப் போடும்போது வலக்கை மோதிரவிரல் சொல் கேட்கவில்லை. முட்டில் லேசான சூடு. யாருக்கும் தெரியாத சூடு, எனக்குப் பழக்கமான சூடு. அக்காவிடம் காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "பனிக்குப் பிடிச்சிருக்கும்," என்றாள். ஆனால் கையை உடனே விடவில்லை. அன்றைக்கே என்னவர் கிளினிக்கில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் பின்னேரம் வரச் சொன்னார்கள்.

மறுநாள் விடிந்தபோது இரண்டு கைகளும் மூடியிருந்தன.

அக்கா கோப்பி கொண்டு வந்தாள். கோப்பையின் காதில் விரல் நுழையவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் நெரித்துத் தூக்கிக் குடித்தேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பனியென்று சொல்லவில்லை, குடியென்றும் சொல்லவில்லை. வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று காலை தண்ணீர் விழும் சத்தம் கேட்கவில்லை. வெயில் கிணற்றுக் கட்டுக்கு வந்தது, அதைத் தாண்டியும் போனது. அக்காவுக்கு என்னோடு கோபமோ, தன்னோடு கோபமோ என்று தெரியாமல் கட்டிலில் இருந்தேன். மகள் பசியாறி, உறங்கி, எழும்பிவிட்டாள். நான் கைகளைச் சுடுதுணியில் சுற்றி வைத்திருந்தேன். ஒன்பது தாண்டி, பத்தும் தாண்டியது. விரல்கள் வழமை போலக் கொஞ்சம் கொஞ்சமாக அசையத் தொடங்கின. நகம் உள்ளங்கைக்கு எட்டாது. ஆனாலும் அசைந்தன.

அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்தது.

"எழும்பி வா."

"எங்க?"

"உன்ட புள்ளைக்குத் தண்ணி வாக்க வேற எங்க போற? கிணத்தடிக்கு."

"முப்பத்தொண்டு?"

"அது கிடக்கட்டும். காலமையே கொதிக்க வெச்சிட்டன். உன்ட விரல் கொஞ்சம் இளகட்டும் எண்டுதான் இவ்வளவு நேரமும் குசினிக்குள்ள நிண்ட. ரெண்டு தரம் சூடாக்கிட்டன் அந்தத் தண்ணியை."

காற்றுப் படாமல் காதைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிவிட்டாள். அந்த அளவுக்குத்தான் அவளால் விட முடிந்தது. பலகையில் என்னை இருத்தி, காலை முன்னால் நீட்டச் சொன்னாள். என் இரண்டு கீழ்க்கால்களையும் சேர்த்து வைத்து, நடுவே விழுந்த பள்ளத்தில் என் மகளைக் கிடத்தினாள். தலை பாதங்களின் பக்கம், கால்கள் என் முழங்கால் பக்கம். எண்ணெய் பூசிய சின்ன முதுகு என் கால்களுக்கு நடுவே பொருந்தி உட்கார்ந்தது, அச்சில் வார்த்தது போல. நான் இத்தனை நாளும் வாசலிலிருந்து அக்காவின் கைகளை மட்டுமே பார்த்திருந்தேன். சீலை மறைத்த கால்களை நான் பார்க்கவேயில்லை. பிள்ளையை ஏந்திக்கொண்டிருந்தது கால்கள்தான். கைகளின் வேலை தண்ணீர் வார்ப்பதும் தடவுவதும் மட்டுமே.

"விழுந்திடுவாள் அக்கா. விரல் மூடுதில்ல."

"விரலை விடு. உள்ளங்கையைக் குடு. தலைக்குக் கீழ வை. அவ்வளவும் போதும்."

வைத்தேன். ஒரு உள்ளங்கை நிறைய மகளின் தலை. மயிர் எண்ணெயில் ஒட்டியிருந்தது. உச்சிக்குழி என் தோலோடு துடித்தது. மற்றக் கையின் மணிக்கட்டில் அக்கா சிரட்டையகப்பையின் பிடியைத் துணியால் சேர்த்துக் கட்டிவிட்டாள். சாய்த்தேன். இளஞ்சூட்டுத் தண்ணீர் நெற்றியின் மேலால் பின்பக்கம் ஓடியது. மகள் கத்தவில்லை! கண்ணைச் சுழற்றி, உதட்டைக் கூட்டி, இது யார் புது ஆள் என்பது போலப் பார்த்தாள். நான் இன்னொரு அகப்பை சாய்த்தேன். நெஞ்சில், வயிற்றில், தொடை மடிப்பில். வளைய மறுத்த விரல்களின் முதுகால் தடவினேன். அதுவும் தடவல்தான், அவளுக்கு அதில் குறை தெரியவில்லை.

என்னவர் துவாயை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அக்கா அவரைப் பாராமல், பாத்திரத்துக்குள் தண்ணீரை ஊற்றியபடி சொன்னாள்: "புள்ள எங்கட குடிதான். அதில மாத்தமில்ல. ரத்தத்துக்குத்தான் குடி, கோயில் ஒண்டும் விளங்கயில்ல."

"அதுக்கென்ன மச்சாள், என்ட பாதி போனதாலதானே வருத்தம் வந்த. மறுகா ஒருக்கா வைத்தியம் செய்தாப் போச்சு."

அக்கா ஒரு கை தண்ணீரை அள்ளி அவருடைய முகத்தில் அடித்தாள். "துடக்குக் கழியயில்ல, கதையைப் பாரு! போங்க அங்கால!"

நான் சிரித்த சிரிப்பில் கால்கள் குலுங்கின. மகள் அந்தக் குலுக்கலில் கையையும் காலையும் விரித்து, அன்று முதன்முறையாக வீறிட்டாள்.

"இறுக்கிப் பிடி கா!"

முழங்கால்களை நெருக்கினேன். அவள் அசையாமல் பொருந்தினாள். அகப்பையை மறுபடி நிரப்பித் தரும்படி மணிக்கட்டை அக்காவிடம் நீட்டினேன்.